உள்ளுக்கு எடுக்காத சாடிகள்

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நாகமுத்துவைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பெரிய பணக்காரர் என்பதால் அல்ல, கோயில் தலைவர் என்பதாலும் அல்ல; மனிதருக்கு டொச் மொழி நன்றாக வரும் என்பதால். எண்பத்தொன்பதாம் ஆண்டு வந்து இறங்கி, ஒரு பாண் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக மா மூட்டையோடும் போறணைச் சூட்டோடும் மல்லுக்கட்டுகிறவர். ஆனால் அரசாங்கக் கந்தோரிலிருந்து யாருக்காவது ஒரு கடிதம் வந்துவிட்டால் அவரிடம்தான் கொண்டு ஓடுவார்கள். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசித்து, “ம்” என்று ஒரு சத்தம் போட்டு, அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொல்லுவார். கடிதம் கொண்டுவந்தவர் அந்த “ம்”முக்கும் விஷயத்துக்கும் இடையில் பாதி உயிரை விட்டிருப்பார். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மா மூட்டை தூக்குகிற மனிதனுக்கு வேறு எங்கே மரியாதை கிடைக்கிறது?

மனைவி ஞானமலர் முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள். டொச் கதைக்க வேண்டிய இடம் வந்தால் கணவனுக்கு ஓரடி பின்னால் போய் நின்றுகொள்வாள். பள்ளிக்கூடமோ, வீட்டுச் சொந்தக்காரரோ, எதுவென்றாலும் “அவர் கதைப்பார்” என்பாள். அவளுக்குத் தெரிந்த டொச் துவாய், சவர்க்காரம், காலை வணக்கம் என்ற அளவோடு நின்றுவிட்டது என்று நாகமுத்து முடிவு கட்டியிருந்தார். முதியோர் இல்லத்துக் கிழவிகள் அவளைக் கையில் பிடித்து இருத்தி, செத்துப்போன புருஷன்மாரைப் பற்றி மணிக்கணக்கில் கதை சொன்னது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை.

வெளியுலகம் அவருடையது என்றால் பல்கனி அவளுடையது. மூன்றாம் மாடியில், மேலே கூரை போட்ட, ஆறடி நீளமான பல்கனி. அதில் பதினேழு சாடிகள். செவ்வரத்தை இரண்டு, மல்லிகை இரண்டு, தேசி, துளசி, கற்றாளை, பெயர் தெரியாத டொச் செடிகள் சில. எல்லாவற்றுக்கும் தலையாக ஒரு கறிவேப்பிலை. மகள் தக்சாயினி பிறந்த வருடம் ஒரு விதையிலிருந்து முளைக்க வைத்தது. இப்போது மகளுக்கு இருபத்தாறு, மரம் ஞானமலரின் தோள் உயரம். கோடை முழுவதும் செடிகள் வெளியே நிற்கும். செப்டம்பர் கடைசியில் குளிர் தலைகாட்டியதும் எல்லாம் உள்ளே வரவேண்டும். அந்த ஒரு நாள் வீடு தலைகீழாகக் கிடக்கும். வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக இருந்து ஒவ்வொரு இலையையும் துடைப்பாள். இலையைத் திருப்பி அடியில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். சாடியின் அடியைக் கழுவுவாள். கறிவேப்பிலைக்கு அறையிலேயே வெளிச்சமான ஜன்னல். ஆனால் சுவரிலிருக்கும் ஹைற்சுங் சூடு படாத தூரத்தில். மல்லிகை ஒன்று தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் குடியேறிவிடும். குளிர்காலம் முழுவதும் நாகமுத்து அதன் கொப்புகளுக்கு இடையால்தான் கால்பந்து பார்ப்பார். பந்து எங்கே போனது என்று தெரியாமல் அவர் புறுபுறுப்பதைக் கேட்க அவளுக்கு நல்ல விருப்பம்.

செடிகள் விஷயத்தில் அவள் துடக்கு தீட்டுப் பார்ப்பதில் மகா கண்டிப்பு. மாதத்தில் அந்த மூன்று நாளும் பல்கனிப் பக்கம் கால் வைக்கமாட்டாள்; துடக்கோடு தொட்டால் பட்டுப்போகும் என்பாள். நாகமுத்துதான் தண்ணீர் ஊற்றுவார். நாலு வருடத்துக்கு முன் ஊரில் அவருடைய தாயார் இறந்தபோது வீட்டில் எல்லோருக்கும் துடக்கு. அது ஆடி மாதம். தார் ரோடு இளகுகிற வெயில். ஞானமலர் பல்கனிக் கதவைச் சாத்தி, முப்பத்தோராம் நாள் முடியும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே அவர் போகவில்லை. வீட்டுக் கிரியைகள் முடிந்து கதவைத் திறந்தால் பதினேழு சாடியும் பச்சைப்பசேலென்று நின்றன. நாகமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முப்பத்தொரு நாள், ஒரு இலை வாடவில்லை என்று கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். ஞானமலர் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் சித்திரையில் அவளுக்கு வயிற்றுவலி என்று தொடங்கியது. கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், அவள் பாதியாக இளைத்தாள். ஜூலை நடுவில் குறித்துக்கொடுத்த தெர்மின் நாளில் போனபோது வைத்தியர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, அவளையே பார்த்து, மெதுவாகச் சொன்னார். மருந்து வேலை செய்யவில்லை. இனி ஏற்றுவதில் பலனில்லை. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இலையுதிர்காலம் வரை போகலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது.

வழக்கம்போல மொழிபெயர்க்க வேண்டியவர் நாகமுத்து. எத்தனையோ பேருடைய கடிதங்களை வாசித்தவர், எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொன்னவர். அன்று அந்த “ம்”முக்குப் பிறகு அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களில் நோயாளிக்கு யாரும் நோயைச் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பயத்திலேயே ஆள் முடிந்துவிடும் என்று அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே வீட்டில் பேச்சு. ஆகவே உடம்பைத் தேற்றுவதற்காகக் கொஞ்ச நாள் மருந்தை நிறுத்துகிறார்கள், குளிர் தொடங்கும்போது புது மருந்து ஒன்று தரப்போகிறார்கள் என்று சொன்னார். விளங்கியதா என்று வைத்தியர் அவளிடம் டொச்சில் கேட்டார். “யா” என்றாள். அது மரியாதைக்குச் சொன்ன யா என்று அவர் எடுத்துக்கொண்டார். ஹம்பேர்க்கில் வேலை செய்யும் மகளையும் அன்றே தொலைபேசியில் பிடித்து, அம்மாவிடம் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

ஓகஸ்ட் முழுவதும் ஞானமலர் பல்கனியில் ஒரு மடக்குக் கதிரையில் இருந்தாள். தண்ணீர் வாளி தூக்க ஏலாது. ஒரு சின்னப் போத்தலால் ஊற்றினாள். ஒருநாள் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, புது மருந்து தொடங்கினா எனக்கு உதுகளைத் தூக்க ஏலாது. செப்ரெம்பர் முடியிறதுக்கு முந்தி எல்லாத்தையும் உள்ளுக்கு எடுத்துப்போடோணும். மற்றதுகள் போனாலும் பறவாயில்லை, கறிவேப்பிலை போகக்கூடாது.”

“ஓம், எடுக்கிறன். நீர் உதை ஏன் இப்ப யோசிக்கிறீர்?”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் இலைகளை எப்படித் துடைப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவர் தலையாட்டினார். அவள் நம்பிவிட்டாள், பயமில்லாமல் இருக்கிறாள், தான் செய்தது சரி என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு குளியலறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

செப்டம்பர் ஐந்தாம் திகதி காலையில், வீட்டிலேயே, தேத்தண்ணீர் ஆற முதல் அவளுடைய மூச்சு நின்றுவிட்டது.

எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்து சனம் கலைந்தது. தக்சாயினி லீவு முடிந்து ஹம்பேர்க் போனாள். வீட்டில் நாகமுத்துவும் சாமியறையின் மூடிய கதவும் மிச்சம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதினேழு சாடிகள். முப்பத்தோராம் நாள் ஒக்டோபர் ஐந்து. அதுவரை துடக்கு. தொடக்கூடாது.

மகள் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேட்பாள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று. அவர் துடக்கென்பார். அவளுக்குக் கோபம் வரும். செடிக்கு என்ன துடக்கு என்பாள். நாகமுத்து பாட்டியின் சாவையும் அந்த ஆடி வெயிலையும் ஞாபகப்படுத்துவார். அவருக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. முறைப்படி விலகியிருந்தால் செடி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கண்ணால் கண்டவர் அல்லவா. இன்னொன்றும் இருந்தது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை. கடைசி ஏழு கிழமையும் ஞானமலரிடம் பொய் சொல்லியே காலத்தைக் கடத்தியவர். இனியாவது அவளுக்காக ஒரு காரியத்தைப் பிசகில்லாமல் செய்யவேண்டும் என்று இருந்தார். அவள் எதில் கண்டிப்போ அதில் தானும் கண்டிப்பாக இருக்கவேண்டும். வேறு என்னத்தைக் கொடுத்து அவளைச் சமாதானப்படுத்துவது?

எதிர்வீட்டில் ஃப்ராவ் பிரிங்க்மன் இருக்கிறார். எழுபது தாண்டிய டொச் அம்மா, கணவர் இல்லை, ஜன்னல் நிறைய ஓர்க்கிட் வைத்திருப்பவர். எட்டுக்கு அடுத்த நாள் அவர் ஒரு தண்ணீர் ஊற்றும் வாளியோடு கதவைத் தட்டி, உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும், பல்கனிச் செடிகளுக்கு நான் தண்ணீர் விடட்டுமா என்று கேட்டார். நாகமுத்து தன்னுடைய கந்தோர் டொச்சில், எங்களுக்கு இது துக்க காலம், சமய வழக்கப்படி இப்போது செடிகளை ஒருவரும் தொடக்கூடாது, மிக்க நன்றி என்றார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரும்பிப்போனார்.

செப்டம்பர் இருபத்தைந்தாம் திகதி திரும்பவும் வந்தார். இந்த முறை கையில் சில்லு வைத்த தள்ளுவண்டி. குளிர் வருகிறது, என் வீட்டில் இடமிருக்கிறது, உங்கள் மனைவியின் செடிகளைக் கொஞ்ச நாள் என்னிடம் விடுங்களேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். நாகமுத்துவுக்குச் சினம் வந்துவிட்டது. செத்த வீட்டில் வந்து சாடி கேட்கிறாளே இந்த மனுசி, செடிகளில் ஆசையாக்கும் என்று நினைத்தார். தேவையில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வண்டியின் சில்லு சத்தம் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனது.

துளசி முதலில் போனது. பிறகு மல்லிகை இலைகள் சுருண்டன. கூரை போட்ட பல்கனி என்பதால் பெய்த மழையும் உள்ளே விழவில்லை. நாகமுத்து சோபாவில் இருந்து கண்ணாடிக் கதவுக்கு ஊடாகப் பார்த்தார். கறிவேப்பிலையின் கீழ் இலைகள் மஞ்சளாகி, காற்றில்லாமலே உதிர்ந்தன. ஒருநாள் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். தொட்டால் பட்டுப்போகும் என்ற அவளுடைய குரல் கேட்டது. கையை எடுத்துவிட்டார். செப்டம்பர் முடிவு என்றுதான் சத்தியம் பண்ணியது; அதற்கு மேல் ஒரு ஐந்து நாள்தானே, பொறுக்கட்டும் என்று தனக்குத்தானே சொன்னார்.

இருபத்தொன்பதாம் திகதி காலையில் கீழே கார்களின் கண்ணாடியை ஆட்கள் சுரண்டிக்கொண்டு நின்றார்கள். வழக்கத்துக்கு முந்தி உறைபனி. மூன்று நாள் அப்படியே இருந்தது. கறிவேப்பிலையின் மேல் கொப்புகள் கறுத்து, கொதிநீர் ஊற்றினதுபோல் தொங்கின.

ஒக்டோபர் ஐந்தாம் திகதி ஐயர் வந்து கிரியைகளை முடித்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாகமுத்து எழுந்து போய்ப் பல்கனிக் கதவைத் திறந்தார். கறிவேப்பிலையைத் தொட்டார். மிச்சமிருந்த இலைகள் அவருடைய கைமேல் விழுந்தன. தக்சாயினி பின்னால் வந்து நின்றாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் தனியாக இருந்து பதினேழு சாடியையும் உள்ளே எடுத்தார். வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு இருந்தார். துடைக்க இலையில்லாத தடிகளைத் துடைத்தார். சாடிகளின் அடியைக் கழுவினார். மல்லிகையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். பார்க்கிறவனுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். ஆனால் சத்தியம் பண்ணின மனிதனுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன தெரியும்? கற்றாளை மட்டும் உயிரோடு இருந்தது. கறிவேப்பிலையை அவரால் விட முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

ஃப்ராவ் பிரிங்க்மன் சாடியைக் கண்டதும் ஒரு கையால் வாயைப் பொத்தினார். சமையலறைக்குள் கூட்டிப்போய், சாடியை மேசையில் வைத்து, தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். பச்சை இல்லை. கீழே கீறினார், வேரடியில் கீறினார். எங்கும் மண்ணிறம்தான். பிறகு கதிரையில் இருந்து அழத் தொடங்கினார்.

செடிக்காக ஒரு மனுசி இவ்வளவு அழுவாளா என்று நாகமுத்து திகைத்தார். போன வருடங்களில் எப்படியோ தப்பியது, எங்களுடைய அம்மா இறந்தபோதுகூட ஒரு மாதம் தண்ணீரில்லாமல் நின்றது என்று சொல்லப் பார்த்தார். ஃப்ராவ் பிரிங்க்மன் இல்லையென்று தலையை ஆட்டினார். தண்ணீரில்லாமல் நிற்கவில்லை, நான்தான் ஊற்றினேன் என்றார். ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலைக்குப் போனபிறகு ஞானா எனக்குக் கதவு திறந்துவிடுவாள், நான் பல்கனிக்குப் போய் ஊற்றிவிட்டு வருவேன். அவள் தொடக்கூடாது, நான் தொடலாம். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றாள்; நீங்கள் அதை எல்லோருக்கும் அதிசயமாகச் சொல்லிச் சந்தோஷப்படுகிறீர்களாம், கெடுக்க மனமில்லை என்றாள்.

நாகமுத்து சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறையும் என்னிடம்தான் கேட்டிருந்தாள் என்றார் அந்த அம்மா. ஜூலையில், வைத்தியரிடம் போய்வந்த அன்றே, நீங்கள் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே வந்தாள். வைத்தியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னாள். பிறகு விரலை மடித்து எண்ணினாள். நான் ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் போவேன், அதன் பிறகு முப்பத்தொரு நாள் அவர் செடியைத் தொடமாட்டார், அதற்குள் குளிர் வந்துவிடும், நீ வந்து எடுத்துவிடு என்றாள். தொடலாம் என்று உங்களிடம் அவளே சொன்னால் என்ன என்று கேட்டேன். சொன்னால் நான் சாகப்போவது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்றாள். அவர் பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பொய்யைச் சொன்னார் தெரியுமா என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நீங்கள் சமயம் என்று சொன்னபோது அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

மன்னிக்க என்ன இருக்கிறது. நாகமுத்து ஒரு கதிரையை இழுத்து இருந்தார். அவருக்கு முன்னால் அந்த ஏழு கிழமையும் வரிசையாக வந்து நின்றது. புது மருந்து பற்றி அவர் அளந்த கதைகள், தலைமயிர் திரும்ப முளைக்கும் என்று சொன்னது, மார்கழியில் ஹம்பேர்க் போகலாம் என்று சொன்னது. எல்லாவற்றுக்கும் அவள் ஓம் ஓம் என்றாள். டொச் தெரியாதவள் என்று நினைத்தவளிடம், டொச் தெரிந்தவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியில் ஒரு பிடிமானத்தைத் தேடி, அவள் பயப்படவில்லை, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல் என்றார்.

ஃப்ராவ் பிரிங்க்மன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல் நாகமுத்துவுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டார், அவள் பயந்தாளா என்று.

“மிகவும் பயந்தாள்” என்றார் அந்த அம்மா. “காலை வேலை முடிந்து வந்து நீங்கள் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரத்தில் இங்கே வருவாள். இப்போது நீங்கள் இருக்கிற கதிரையில்தான் இருப்பாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நீங்கள் எழும்பும் நேரத்துக்கு முகம் கழுவிக்கொண்டு போய்விடுவாள்.”

நாகமுத்து வாயைத் திறந்தார். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கதைத்த மொழியில் ஒரு சொல்கூட வரவில்லை.

“நான் இஞ்சதானே இருந்தனான்” என்றார் தமிழில். “நான் இஞ்ச பக்கத்திலதானே இருந்தனான்.”

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து வந்து நாகமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.